அண்ணாச்சி பதில்கள்: மைக் முன்னால் அஞ்சு நிமிஷம்

பாளையங்கோட்டையில் நாங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை நடத்தும் ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம்) கவிதைக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு ஸ்போக்கன் வேர்டு கவிஞர், அதாவது மேடையில் சொல்வதற்கென்றே கவிதை கட்டுகிறவர், வந்ததைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பற்றியும் ஒயர் விலை பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் முழுக்க அந்தக் கூட்டம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கவிஞன் இல்லை. 38 வருஷமாக மைக் செட் வைத்திருப்பவன். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். கூட்டத்தை நடத்துவது என் தங்கச்சி மகள், எனக்கு மருமகள் முறை. மைக்கும் ஒயரும் மட்டும்தான் என் சோலி.

கேள்வி: கவியரங்கம் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஓப்பன் மைக் எதற்கு? கவியரங்கத்துக்கே கோட்டு மாட்டி விட்டிருக்கிறீர்களா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்காசி

ஐயா, கவியரங்கத்துக்கு நான் நூறு தடவையாவது மைக் போட்டிருப்பேன். அதன் முறை எனக்கு மனப்பாடம். நோட்டீஸில் பெயர் அச்சாகியிருக்கும். தலைப்பு முன்பே கொடுத்திருப்பார்கள். தலைவர் ஒவ்வொரு கவிஞரையும் கவிதையிலேயே அழைப்பார், சில சமயம் வந்தவர் கவிதையைவிட அந்த அழைப்பு நீளமாக இருக்கும். பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம். கடைசிக் கவிஞர் எழுந்திருக்கும்போது பந்தலில் நானும் ஜெனரேட்டர்காரரும் நாற்காலி எடுக்க வந்த பையனும்தான் மிச்சம். அப்படியும் நல்ல கவிதை கேட்டிருக்கிறேன், அதை மறுக்கவில்லை.

இங்கே நோட்டீஸ் இல்லை. வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டு, நூலில் கட்டிய பேனா. வந்தவர் பெயரை எழுதினால் அதுதான் அழைப்பிதழ். கல்லூரிப் பெண்ணுக்கு அடுத்து கொத்தனார், அவருக்கு அடுத்து பேங்க்கில் வேலை பார்ப்பவர். ஆளுக்கு 5 நிமிஷம். நடுவில் ஒருவரை மட்டும் முன்கூட்டியே சொல்லி வரவழைத்து 25 நிமிஷம் கொடுப்போம். அவர்தான் அன்றைய சிறப்புக் கவிஞர்.

முறை அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஒளிக்கவில்லை. நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த கவிஞர்கள் 1973-இல் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கஃபே என்று பெயரே தவிர, முதலில் அது மிகெல் அல்கரின் என்பவருடைய வீட்டுக் கூடம். சிகாகோவில் மார்க் ஸ்மித் என்று ஒருவர், கட்டட வேலை பார்த்தவர், 1986-இல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் கவிதை வாசிப்பைப் போட்டியாகவே ஆக்கி அதற்கு ‘ஸ்லாம்’ என்று பெயர் வைத்தார். ஸ்லாமில் பொதுவாகக் கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவராக உட்கார வைப்பார்கள். 0 முதல் 10 வரை மார்க். கூடுதல் ஒன்றையும் குறைச்சல் ஒன்றையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். எங்கள் கூட்டத்தில் மார்க் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்குகிற மார்க்கே போதும்.

வீட்டில் கூடிக் கவிதை ரசிக்க அமெரிக்கா போக வேண்டுமா என்பீர்கள். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்று ரசிகர்கள் கூடிய கதையைத் தமிழாசிரியருக்கு நான் சொல்வதா? மைக்கே இல்லாமல் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசி பார்த்தவர்கள் அவர்கள். பெயரை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். வாசலில் நோட்டும் பேனாவும் இருந்தால் சரி.

கேள்வி: ஸ்போக்கன் வேர்டு என்பது பேச்சா, பாட்டா, நடிப்பா? – கல்லூரி மாணவி, மேலப்பாளையம்

இதையேதான் தாயி நானும் மருமகளிடம் கேட்டேன். “வந்து கேளுங்க மாமா” என்று சொல்லிவிட்டாள். கேட்டதைச் சொல்கிறேன்.

வந்த கவிஞருக்கு முப்பது வயது இருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினார். சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் கூட்டம் நடக்கும் மாடிக்கு வந்து, மைக் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு தாள்கூட இல்லை. அவருடைய அம்மாவுக்கு முக்கூடல் பக்கம். பீடி சுற்றிப் பிள்ளை வளர்த்தவர்.

மேடையேறியதும் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மைக்கைச் சோதிக்கிறார் என்று நினைத்து நான் சவுண்டைக் கூட்டப் போனேன். எண்ணுக்கு நடுவே ஒவ்வொரு வரியாக விழுந்தது. ஏழில் அம்மாவின் கல்யாணம். பதினொன்றில் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம். பதினாறில் இலை வெட்டும்போது கத்தரி பட்ட விரல். இருபத்தைந்தில் ஒரு பீடிக் கட்டு முடியும், நூல் சுற்றுகிற நேரம் நிறுத்துவார், மறுபடியும் ஒண்ணு. இரண்டாவது கட்டில் வேகம் கூடியது, வரிகள் குறைந்தன. மூன்றாவது கட்டில் வெறும் எண் மட்டும். அதுவும் இருபத்து மூன்றில் நின்றுவிட்டது. அவ்வளவுதான், இறங்கிவிட்டார். முன்வரிசையில் உங்கள் ஊர் அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. அவருக்கே அது தெரிந்திருக்காது.

இதை அச்சடித்தால் முக்கால் பக்கம் ஒண்ணு ரெண்டு என்றுதான் இருக்கும். இந்தப் பத்திரிகை ஆசிரியரே திருப்பி அனுப்பிவிடுவார். கண் ஒரு வரியைத் தவறவிட்டால் திரும்பப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் சொல்கிற கவிதையில் ஒரே சொல் சுற்றிச் சுற்றி வருகிறது, மூச்சு முடிகிற இடத்தில் வரி முடிகிறது. நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள் வாயில் வருவதற்காகவே பிறந்தது. தோளில் பாரத்தை வைத்துக்கொண்டு நாலு அடி நடந்து பாடிப் பார், அந்தச் சந்தம் ஏன் அப்படித் துள்ளுகிறது என்று கால் சொல்லும்.

ஸ்லாம் போட்டிகளில் வாத்தியம், வேஷம், கையில் பொருள் எதுவும் கூடாது என்பது வழக்கமான விதி. குரலும் உடம்பும் மட்டும். மற்றபடி பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒப்பாரி வைக்கிற ஆச்சியிடம் போய்க் கேள். அடிதான் விழும்.

கேள்வி: இந்த மாதிரிக் கூட்டங்களில் கை தட்டாமல் விரல் சொடுக்க வேண்டுமாமே? – பத்தமடை வாசகர்

அமெரிக்காவில் சொடுக்குவார்கள், வாசிப்பவர் குரலை அமுக்காது என்று. நம் ஊரில் ஒருவரைப் பார்த்து விரல் சொடுக்கினால் சண்டைதான் வரும். தட்டுங்கள்.

கேள்வி: மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது அண்ணாச்சி. அடுத்த கூட்டத்தில் வாசிக்க ஆசை. – வள்ளியூர் வாசகர், வயது 22

நடுக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை தம்பி. மைக்குக்கு இருக்கிறது.

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. உதட்டில் ஒட்டினால் குரல் தடித்துப்போய்ச் சொல் குழையும். முழம் தள்ளி நின்றால் நான் சவுண்டைக் கூட்டியாக வேண்டும். கூட்டினால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் போய், அது மறுபடி ஸ்பீக்கர் வழியாக வந்து, ‘கூ’ என்று ஊளையிடும். கல்யாண வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு மைக் செட்காரனைத் திட்டுவது அப்போதுதான். மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்தாலும் இதே கதி. வீடியோவில் பார்த்துவிட்டு அப்படிப் பிடிக்கிற பையன்கள் வருகிறார்கள். கழுத்துக்குக் கீழே பிடி.

அடுத்தது ப. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து “பாளையங்கோட்டை” என்று அழுத்திச் சொல்லிப் பார். முதல் எழுத்திலேயே காற்று வந்து மோதும். “நெல்லை” என்று சொன்னால் மோதாது. அந்தக் காற்று மைக்கில் பட்டால் ‘டப்’பென்று வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்து வைத்தால் காற்று அந்தப் பக்கம் போய்விடும், குரல் மட்டும் உள்ளே போகும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தட்டாதே, ஊதாதே. வேலை செய்யும். அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

தாள் நடுங்கினால் பரீட்சை அட்டையில் வைத்துக்கொள். செல்போனில் வாசிப்பதென்றால் ஏரோப்ளேன் மோடில் போடு. போன வருஷம் ஒருவர் காதல் கவிதை வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. வாசித்த வேகத்தில் “உங்கள் சிலிண்டர் பதிவு செய்யப்பட்டது” என்பதையும் சேர்த்தே வாசித்துவிட்டார். கூட்டத்துக்கு அந்த வரிதான் பிடித்தது.

முதல் இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள். அந்த இரண்டு வரிக்கு ஆட்களைப் பார்த்துவிட்டால் அப்புறம் தாளைப் பார்க்கலாம். இன்னொன்று, “இது சும்மா பஸ்ஸில் வரும்போது எழுதினது, தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பிக்காதே. அதற்கும் உன் 5 நிமிஷத்தில்தான் கழியும்.

கேள்வி: என்னுடைய கவிதை 12 பக்கம். முழுவதும் வாசிக்க அனுமதி உண்டா? – திசையன்விளை வாசகர்

வைகுண்ட ஏகாதசிக்கு வாருங்கள், அன்று எப்படியும் விழித்திருக்க வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்லாமில் 3 நிமிஷம்தான், மேலே 10 விநாடி தருவார்கள், அதையும் தாண்டினால் மார்க்கைக் குறைப்பார்கள். நாங்கள் 5 தருகிறோம். நேரம் முடிந்தால் மருமகள் பின்னாலிருந்து டார்ச் அடிப்பாள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டென்றாலும் கீழ்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. 12 பக்கத்தில் உங்களுக்கே பிடித்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்து வாருங்கள்.

கேள்வி: சிறப்புக் கவிஞருக்குப் பணம் கொடுப்பீர்களா? கலையை விற்கலாமா? – பாபநாசம் வாசகர்

என் மைக்குக்கு வாடகை கேட்டால் யாரும் “ஒலியை விற்கலாமா” என்று கேட்பதில்லை.

ரயில் டிக்கெட் இரண்டு பக்கமும், சாப்பாடு, மருமகளின் தோழி வீட்டில் தங்கல். கவர் தனி. அதற்கு ஓலைப்பெட்டி ஒன்று வரிசை வரிசையாகப் போகும், போடுகிறவர் போடலாம், போடாதவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு 3,870 ரூபாய் சேர்ந்தது. ஒரு பஸ் டிக்கெட்டும் கிடந்தது, அதன் பின்னால் ‘அடுத்த தடவை தருகிறேன்’ என்று எழுதியிருந்தது. முன்பு ஒரு விழாவில், பெயர் வேண்டாம், வெளியூர்க் கவிஞர் ஒருவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு கிலோ அல்வா கொடுத்து அனுப்பினார்கள். திருநெல்வேலிக்காரர்கள் அல்வா கொடுத்துவிட்டார்கள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

கேள்வி: பேச்சு வழக்கில் எழுதியதை அப்படியே வாசிக்கலாமா? சிரித்துவிடுவார்களோ? – கோவில்பட்டி வாசகி

பேச்சு வழக்கிலேயே கதை சொன்ன கரிசல்காட்டிலிருந்து இந்தச் சந்தேகமா! வாசிக்கலாம். ஆனால் யார் வாய்ப்பேச்சு என்பதில் தெளிவாக இருங்கள். சிலர் வரிக்கு ஒரு “ஏலே” போட்டுவிட்டு அதுதான் நெல்லைத் தமிழ் என்கிறார்கள். கூட்டம் சிரிக்கும், வீட்டுக்குப் போய் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி வாசித்தாள். சைக்கிள் படிக்கும்போது அவர் பின்னால் ஓடி வந்து “பைய, பைய” என்பார். கடைசியில் அவரை ஆஸ்பத்திரிப் படியில் கைபிடித்து இறக்கும்போது அவள் அதே “பைய, பைய” சொல்கிறாள். ‘மெதுவாக’ என்று எழுதியிருந்தால் எனக்குத் தொண்டை அடைத்திருக்காது.

கேள்வி: என் முறை முடிந்ததும் கிளம்பலாமா? கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். – சேரன்மகாதேவி வாசகர்

பஸ்ஸுக்காக என்றால் நோட்டில் பெயர் எழுதும்போதே சொல்லுங்கள், முதலில் விடுகிறோம். யாரும் முதலில் போகத் துணிவதில்லை. ஸ்லாமில் போட்டி தொடங்கும் முன்னால், நடுவர்களுக்குக் கை பழகட்டும் என்று ஒரு கவிஞரை மேடையேற்றுவார்கள். அவருக்கு மார்க் உண்டு, போட்டியில் கணக்கு கிடையாது. பலி கொடுக்கப்படும் கவிஞர் என்றே அதற்குப் பெயர், நம் ஊர் மொழியில் கொடைக் கிடா. நீங்கள் கிடாவாக இருந்தால் ஏழேகால் பஸ்ஸே கிடைக்கும்.

பஸ் இல்லாமலே கிளம்புகிறவர்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை. தன் கவிதை முடிந்ததும் கூட வந்த நாலு பேரோடு எழுந்து போவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசுகிற அந்தச் சத்தத்தை எந்த சவுண்ட் மிக்சரிலும் குறைக்க முடியாது. அடுத்து வாசிப்பது பெரும்பாலும் முதல் தடவை வந்த யாராவதாக இருக்கும்.

கேள்வி: இரண்டு மாதம் முன்னால் உங்கள் கூட்டத்தில் பாதியில் மறந்துபோய் நின்றவள் நான். அப்போது பின்னாலிருந்து ஒருவர் சத்தம் கொடுத்தார். கேலி செய்தார் என்று நினைத்து இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. – ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். பதில் எழுதத்தான் நாளாகிவிட்டது.

அது கேலி இல்லை. அவர் வில்லுப்பாட்டில் நாற்பது வருஷம் குடம் அடித்தவர். காது மந்தம், அதனால் பின்வரிசையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். வில்லில் புலவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் “ஆமா” போடுவார்கள், நீங்கள் கேட்டிருப்பீர்கள். கீழே இருந்து கேட்டால் சும்மா ஒத்து ஊதுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மைக் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், புலவர் மூச்சு வாங்குவதும் அடுத்த அடியைத் தேடிப் பிடிப்பதும் அந்த ஆமாவுக்குள்தான். கொடையில் சுடலைமாடன் கதை விடிய விடியப் போகும். மூன்று மணி வாக்கில் புலவருக்கு நாக்கு தடுமாறும். உடனே ஆமா கொஞ்சம் நீளும், குடம் இன்னொரு சுற்று வரும், அதற்குள் அவருக்குப் பாட்டு வந்துவிடும். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து வில்லைச் சென்னை வரை கொண்டுபோய் 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினாரே சுப்பு ஆறுமுகம், அவருக்கும் ஆமா போடப் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

நீங்கள் வாசித்தது 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி. தாமிரபரணி வீட்டுக்குள் வந்த ராத்திரி போன பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தீர்கள். சருவச்சட்டி, செம்பு, இட்லிக் கொப்பரை. “பொறந்த வீட்ல குடுத்த” என்று சொல்லி நின்றுவிட்டீர்கள். மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவர் “ஆமா” என்றார். அவருக்கு அது வாய் தவறி வந்தது இல்லை, உங்களுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தார்.

கூட்டம் முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். “அந்தப் பிள்ள பொறந்த வீட்ல என்னத்தக் குடுத்தாவன்னு சொல்லாமலே போயிட்டே வே” என்றார். போன மாதமும் கேட்டார். ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் வாசித்ததே இல்லையா அண்ணாச்சி? – சங்கரன்கோவில் வாசகர்

போன மாதம் மருமகள் எனக்குத் தெரியாமல் நோட்டில் ஒன்பதாவதாக என் பெயரை எழுதிவிட்டாள். கூப்பிட்டதும் போய் நின்றேன். 38 வருஷத்தில் மைக்குக்குப் பின்னால் நின்றுதான் பழக்கம், முன்னால் நின்று பார்த்தால் எல்லா முகமும் என்னையே பார்க்கிறது. வாயைத் திறந்தேன். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றுதான் வந்தது. பின்வரிசையிலிருந்து “ஆமா” என்று ஒரு குரல். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் இறங்கி வந்து வால்யூமைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நாலு வரி எழுதியிருக்கிறேன். டூல் பாக்ஸில் ஈயக் கம்பிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். மருமகள் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.